நிறைக்குப் போட்ட கிழங்கு

தம்பி,

நான் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்கலாம் என்றால் நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். சூட்கேசைக் கட்டிலுக்கு மேலே ஏற்றுகிறாய், பிறகு இறக்கி வைக்கிறாய், அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. எழும்பி வந்து கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் தமிழில் இரண்டு வசனம் சொல்வதற்குள் நீ டெனிஷில் நாலு வசனம் சொல்லி முடித்துவிடுவாய், எனக்கு என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துபோகும். எழுத்தில் நீ குறுக்கே வர முடியாது. சனிக்கிழமைகளில் அழுதுகொண்டு தமிழ்ப் பள்ளிக்கூடம் போன பிள்ளை நீ, இதை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். பரவாயில்லை, ஆறுதலாக வாசி.

வருகிற மாதம் நீ அமெரிக்காவுக்குப் போகவேண்டும். அங்கே ஒரு கூடைப்பந்துக் கழகத்தின் அலுவலகத்தில், யாருக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம், யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்று விதி பார்க்கிற மேசையில் உனக்கொரு கதிரை காத்திருக்கிறது. சட்டம் படிக்கப் போன நீ அந்த விதிகளைப் பற்றியே பெரிய கட்டுரை எழுதி, அதைப் பார்த்துவிட்டு அவர்களாகவே கூப்பிட்ட வேலை. டென்மார்க்கின் இந்த ஹோர்சன்ஸ் ஊரில் பந்தைத் தட்டிக்கொண்டு திரிந்த பொடியனுக்கு இப்படி ஒரு வேலை கிடைக்கும் என்று யார் நினைத்தது? அப்படியிருக்கப் போன கிழமை சாப்பாட்டு மேசையில் நீ, "நான் போகேல்லை," என்றாய். அதை மட்டும் அட்சரம் பிசகாமல் தமிழில் சொன்னாய். எனக்கு வந்தது சந்தோஷமா துக்கமா என்று எனக்கே பிடிபடவில்லை. இந்த வருஷம் எனக்கு எதுவுமே பிடிபடுவதில்லை. அதனால் நடந்ததை எல்லாம் ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும், நீ வீட்டில் இல்லாத நேரம் நடந்ததும் இருக்கும்.

சித்திரை மாதத்து ஒரு பின்னேரத்தில் இருந்து தொடங்குகிறேன். வன்னியில் சண்டைக்குள் அகப்பட்ட மாமாவும் மாமியும் கடைசியாக எங்களோடு தொலைபேசியில் பேசிக் கனகாலம் ஆகியிருந்தது. அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் சத்தத்தைக் குறைத்துவிட்டு இருந்தார். பாதுகாப்பு வலயம் என்று வரைபடத்தில் ஒரு கோடு காட்டுவார்கள், பிறகு அதே கோட்டை இன்னும் உள்ளே தள்ளிக் காட்டுவார்கள். நான் குசினியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். நீ எனக்கு எதிரே கணினியோடு இருந்தாய். மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்தும் ஒரு சொல் இல்லை. அது தாங்காமல்தான் நான் வாயைத் திறந்தேன்.

"மகன் என்ன வேலைக்குப் போறான் எண்டு சனம் கேக்குது. விளையாட்டு எண்டு சொன்னா, ஐயோ பாவம் எண்டு பாக்கினம். சட்டம் எண்டு சொன்னா, விசாக் கேசும் எடுப்பாரோ எண்டு கேக்கினம். நான் என்னத்தைத்தான் சொல்ல?"

நீ கணினியை மூடினாய். எனக்கு விளங்க வைக்கிறதென்றால் சாமான் வேண்டும் என்று உனக்குத் தெரியும், கிழங்குக் கூடையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாய். ஒவ்வொரு கழகமும் தன் விளையாட்டுக்காரர் எல்லாருக்குமாகக் கொடுக்கிற சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்றாய். பணக்காரக் கழகம் ஒன்று நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகாமல் இருப்பதற்காம். நல்ல சட்டம் என்று நான் மெச்சினேன். உடனே நீ, ஆனால் முக்கால்வாசிக் கழகங்கள் அந்த வரம்பைத் தாண்டித்தான் நிற்கின்றன என்றாய். "தாண்டலாம் எண்டா அது என்னத்துக்கு வரம்பு?" என்று கேட்டேன். அதற்கென்று சில வழிகள் இருக்கின்றன, அதைப் பிறகு சொல்கிறேன் என்றாய். இப்படி நீ பிறகு பிறகு என்று தள்ளுவதால்தான் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

பிறகு ஒரு பெரிய கிழங்கை எடுத்து மேசையின் அந்தப் பக்கத்தில் வைத்தாய். இவர்தான் எங்கள் கழகம் ஆசைப்படுகிற பெரிய ஆள். இந்தப் பக்கத்தில் ஒரு சின்னக் கிழங்கு. இவன் இளம் பொடியன், நன்றாக விளையாடுவான், ஆனால் சம்பளம் குறைவு. மற்றக் கழகம் இவனைக் கேட்கிறது. இரண்டு கழகத்துக்கும் சம்மதம், ஆனால் மாற்றமுடியாது. வரம்பைத் தாண்டி நிற்கிற கழகம் ஆள் மாற்றினால், போகிற சம்பளமும் வருகிற சம்பளமும் கிட்டத்தட்டச் சரிவரவேண்டும். வருகிறது போகிறதைவிடக் கால்பங்கு போலக் கூடலாம், அதற்குமேல் விடமாட்டார்கள். இப்போது என்ன செய்வார்கள் என்று என்னையே கேட்டாய். எனக்கு என்ன தெரியும்? நீ கூடையைக் கிண்டி, முளைவிட்ட ஒரு கிழங்கைத் தூக்கிச் சின்னக் கிழங்குக்குப் பக்கத்தில் வைத்தாய்.

"இவரை அங்க ஒருத்தரும் கேக்கேல்லை அம்மா. நிறை சரிவரத்தான் இவரைச் சேர்க்கிறது."

"இவரிட்டக் கேப்பினமோ?"

"இல்லை."

"கலியாணம் கட்டினவரா இருந்தா? பிள்ளையள் பள்ளிக்கூடம் போனா?"

"அது அவற்ர பாடு. சொன்ன நாளுக்குப் போய் நிக்கோணும்."

என் சம்மதம் இல்லாமல் என்னை மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்திலே எழுதி வாங்கினவர்களும் இருக்கிறார்களாம், ஆனால் அது பெரிய கிழங்குகளிலேயே ஒன்றிரண்டு பேர்தானாம். இன்னொன்றும் சொன்னாய். சிலரை அவர்களின் ஒப்பந்தம் முடியப்போகிறது என்பதற்காகவே விரும்பி வாங்குவார்களாம். அவர் வந்து, அந்த வருஷத்தோடு போய்விட்டால் அந்தச் சம்பளம் கணக்கில் இருந்து கழன்றுவிடும். போய்விடுவார் என்பதற்காக ஒருவரை விரும்பி எடுப்பதா? நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன், நீ பகிடி விடுகிறாயோ என்று. நீ விடவில்லை.

அப்போதுதான் தொலைக்காட்சிப் பக்கம் இருந்து அப்பாவின் குரல் வந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்றே எங்களுக்குத் தெரியாது.

"அந்த முளைவிட்ட கிழங்கு நான்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன கதை சொல்லுறியள்? அது நானெல்லோ."

அப்பா எழும்பி வந்து குசினி வாசலில் நின்றார். "நீரோ?" என்று கேட்டார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். நீ என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன என்று டெனிஷில் கேட்டாய். அன்றைக்கு உனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்களுடைய கலியாணம் மாற்றுச் சம்பந்தம். ஒரு வீட்டு அண்ணனும் தங்கச்சியும் இன்னொரு வீட்டு அண்ணனையும் தங்கச்சியையும் மாறிக் கட்டுவது. இரண்டு பக்கமும் சீதனம் கொடுக்கவேண்டும், இரண்டு பக்கமும் வாங்கவேண்டும், ஆகவே ஒன்றுக்கு ஒன்று சரி, ஒருவரும் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. என் அண்ணன், உன் மாமா, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எழுதுவினைஞர். அரசாங்க உத்தியோகம் என்றால் யாழ்ப்பாணத்தில் அந்த நாளில் வீடு, நகை, காசு என்று எல்லாம் வைத்துக் கேட்கலாம். அப்பாவின் வீட்டில், தங்கள் மகளுக்கு, அதுதான் உன் மாமிக்கு, என் அண்ணனை எடுக்க ஆசை, ஆனால் கையில் ஒன்றும் இல்லை. இருந்தது ஒரு மகன். எங்கள் வீட்டில் நான் இருந்தேன். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரு பின்னேரம் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னம் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்குச் செவ்வாய்க் குற்றம். வந்த சாதகம் எல்லாம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது, வயதும் போய்க்கொண்டிருந்தது. ஆகவே அண்ணனுடைய பெறுமதியை வைத்து என்னைத் தள்ளிவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். அப்பாவோ பள்ளிக்கூடச் சோதனை சரிவராமல் ரேடியோக் கடையில் வேலைக்கு நின்றவர். ஓர் எழுதுவினைஞரைப் பெறுவதற்காகத் தன்னைச் சேர்த்துக் கொடுத்தார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். அடுத்த வருஷமே டென்மார்க்குக்கு வந்து, உன்னைப் பெற்று, கொமூன் என்கிற நகரசபை தந்த வீட்டிலும் பிறகு இந்த வீட்டிலும் இத்தனை காலம் ஒன்றாக இருந்து, ஒரே பானையில் சாப்பிட்டு, இரண்டு பேரும் தாங்கள்தான் நிறைக்குப் போட்ட ஆள் என்று எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறோம். அன்றைக்கு வாசலில் நின்று அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த முளைவிட்ட கிழங்கையும் உரித்துக் கறிக்குள் போட்டேன், நினைவிருக்கிறதா?

மாமாவும் மாமியும் அங்கேயே நின்றுவிட்டார்கள். மாமாவுக்கு வேலை கிளிநொச்சியில். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு சோடிக்கும் சேர்த்து இருந்த ஒரே பிள்ளை நீ. அதனால்தான் மாமி தொலைபேசியில் உன்னோடு கதைக்கவேண்டும் என்று அடம்பிடிப்பா. நீ ஓம் மாமி, ஓம் மாமி என்று சொல்லிவிட்டு என்னிடம் தந்துவிடுவாய். அவ அதற்கே சந்தோஷப்படுவா.

பிறகு வைகாசி. சண்டை முடிந்தது என்று செய்தியில் சொன்னார்கள். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிற பிர்கித் வந்து என்னைக் கட்டிப்பிடித்து, உங்கள் நாட்டில் சண்டை முடிந்துவிட்டதாம், எவ்வளவு நல்ல செய்தி என்றாள். நான் நன்றி சொன்னேன். அவள் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குப் பின்னேரம் தமிழ்க் கடையில் ஒருவர் நின்று அழுதார், இன்னொருவர் ஒன்றும் முடியவில்லை, எல்லாம் பொய் என்று சத்தம் போட்டார். நான் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கத்தரிக்காய்க்குக் காசு கொடுக்காமல் வந்துவிட்டேன் என்று தெரிந்தது, திரும்ப ஓடினேன்.

தொலைபேசி வந்த காலை நீயும் வீட்டில் நின்றாய், ஆனால் நீ நின்ற இடத்தில் இருந்து எல்லாம் தெரிந்திருக்காது. அப்பா வேலைக்குப் போக வாசலில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார், ஒரு கால் முடிந்துவிட்டது. நான்தான் எடுத்தேன். சண்டைக்குத் தப்பி வந்தவர்களை வேலி போட்டு அடைத்த முகாமுக்குள் யாரோ ஒருவருடைய கைப்பேசி, ஒரே இரைச்சல். அதற்குள்ளால், "பிள்ளை," என்று ஒரு குரல். அண்ணன் ஒருவர்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார்.

"அண்ணை, இருக்கிறியளோ? கடவுளே, இருக்கிறியள்."

நான் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் ஓடுது, சிரிப்பும் வருது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பாவும் சிரித்தார். உன் அப்பா பல் முழுக்கத் தெரியச் சிரித்து நீ கண்டிருக்கமாட்டாய். அந்தச் சிரிப்பை நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் அண்ணன் மற்றதைச் சொன்னார்.

"அவ இல்லை பிள்ளை."

என்னால் முகத்தை உடனே மாற்ற முடியவில்லை. நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்த முகத்தால் அந்தச் செய்தியையும் சொல்லவேண்டி வந்துவிட்டது. அப்பா விளங்கிக்கொண்டார். குனிந்து மற்றச் சப்பாத்தையும் போட்டு, நாடாவைக் கட்டி, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே சகோதரம் அது.

அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை. உப்பு எங்கே, பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் கதை இல்லை. மாமிக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யவேண்டும் என்று நான் சொன்னபோது, "அவள் செத்ததை ஆர் கண்டது?" என்று மட்டும் சொன்னார். படுக்கையை வரவேற்பறைச் சோபாவுக்கு மாற்றிக்கொண்டார். முதுகு நோகுதாம்.

மாற்றுச் சம்பந்தத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது தம்பி. அங்கே அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்தால், இங்கே இவளும் பெட்டியைக் கட்டவேண்டும். அங்கே ஓர் அடி விழுந்தால் இங்கேயும் ஓர் அடி விழும். ஒருவரும் கோபத்தில் செய்வதில்லை, கணக்குச் சரியாக இருக்கவேண்டும் என்று செய்வார்கள். ஊரில் அப்படிப் பிரிந்த நல்ல சோடிகளை எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு வீட்டிலும் ஒருநாளும் அப்படி நடக்கவில்லை. ஆனால் இப்போது அப்பாவின் வீட்டில் இருந்து போனவள் உயிரோடு இல்லை. என் வீட்டு ஆட்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். அவருக்குச் சோறு போடும்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்து இதைத்தான் எண்ணுகிறார் என்று எனக்குப் பயம். முகாமில் இருந்து அண்ணன் தொலைபேசி எடுத்தால் நான் கீழே சலவை அறைக்குப் போய், இயந்திரச் சத்தத்துக்குள் நின்று கதைத்தேன். அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று என் வீட்டுக்குள் ஒருநாள்கூட நான் சந்தோஷப்பட்டது கிடையாது. சந்தோஷப்பட்டால் அது அவருடைய தங்கச்சியின் சாவுக்குச் சந்தோஷப்பட்டதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தேன். அழுதால், உன் ஆள் இருக்கிறான்தானே, நீ ஏன் அழுகிறாய் என்று அவர் நினைப்பாரோ என்று அழவும் இல்லை. மாமி எனக்கு மச்சாள் மட்டும் இல்லை, சிநேகிதி. அவவுக்கு நான் இன்னும் ஒழுங்காக அழவே இல்லை.

நீ இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். அதனால்தான் போகமாட்டேன் என்றாய். "நான் போனா நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கவே மாட்டியள்," என்றாய். பிறகு, "ஆக்களைக் கிழங்குமாதிரி அங்க இஞ்ச வைக்கிற வேலை எனக்கு வேண்டாம்," என்றும் சொன்னாய். இரண்டில் எது உண்மைக் காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

முந்தநாள் சாப்பாட்டு நேரம் அப்பா உன்னிடம் கேட்டதை நீ பெரிதாக எடுத்திருக்கமாட்டாய். சோற்றைப் பிசைந்துகொண்டு, தலையை நிமிர்த்தாமல்தான் கேட்டார்.

"தம்பி, வரம்பைத் தாண்டலாம் எண்டு சொன்னியே. ஆருக்காகத் தாண்டலாம்?"

"தங்கட சொந்த ஆக்களுக்கு அப்பா. கன வருசமாத் தங்களோட விளையாடுற ஆள் எண்டா, வரம்பு தாண்டினாலும் அவரைத் திரும்ப ஒப்பந்தம் செய்து வைச்சிருக்கலாம்."

"மாத்தி வந்த ஆளெண்டா?"

"அவற்ர வருசமும் அவரோட சேர்ந்து வரும். மாத்தினபடியா அது வெட்டுப்படாது. வந்த இடத்தில அவரும் சொந்த ஆள்தான்."

பிறகு அப்பா, மாமாவை இங்கே கூப்பிடச் சட்டம் இருக்கிறதா என்று கேட்டார். நீ இல்லை என்றாய். இந்த நாட்டுச் சட்டத்தில் மனைவியின் அண்ணன் குடும்பம் இல்லை, அதற்கு ஒரு வழியும் இல்லை என்றாய். "உங்கட பந்தடிக்காரருக்கு இருக்கிற வழி மற்றாக்களுக்கு இல்லையோ?" என்று சொல்லிவிட்டு அப்பா கை கழுவ எழும்பினார். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாய். நீ போன பிறகு நடந்ததைத்தான் உனக்குச் சொல்லவேண்டும்.

"உம்மட அண்ணைக்கு எந்த நேரம் எடுத்தாக் கிடைக்கும்?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும் என்றேன். "சும்மா நடியாதையும். உடுப்புக்கூடை இல்லாமல் சலவை அறைக்குப் போய் நிக்கிறனீர், எனக்குத் தெரியாதே?" என்றார். நான் இலக்கத்தைக் கொடுத்தேன். எத்தனையோ முறை எடுத்து எடுத்துப் பார்த்துக் கடைசியில் கிடைத்தது.

"மச்சான், நான்," என்றார். பிறகு நெடுநேரம் ஓம், ஓம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் எனக்குச் சொல்லாததை எல்லாம் அவருக்குச் சொன்னார் போலிருக்கிறது. அப்பா ஒரு கையால் குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றேன். பாத்திரம் எல்லாம் முன்னமே கழுவி முடித்தாயிற்று.

"குறை நினைக்கக்கூடாது மச்சான். இவ்வளவு நாளும் உம்மோட கதைக்க எனக்கு வாய் வரேல்லை," என்றார். அந்தப் பக்கத்தில் அண்ணன் என்னவோ சொல்லியிருக்கவேண்டும், மன்னிப்புக் கேட்டாரோ என்னவோ, அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விசர்க் கதை கதையாதையும். அவள் இல்லையெண்டா நீர் எங்கட ஆள் இல்லையெண்டு ஆகுமே? எத்தினை வருசம் எங்கட ஆளா இருந்தனீர்? நான் வாறன். வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டெண்டாலும் உம்மைப் பாத்திட்டுத்தான் போவன்."

அந்த மண்ணில் இனிக் கால் வைக்கமாட்டேன் என்று சொன்ன மனுஷன் அது. தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இனி மேல நிண்டே கதையும். சலவை அறையில குளிர்," என்றார். அப்போதுதான் தம்பி, நான் அழுதேன். மாமிக்காகவும் அழுதேன், அண்ணன் இருக்கிறார் என்ற சந்தோஷத்துக்கும் அழுதேன், எது எது என்று பிரிக்கத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன். அப்பாவும் அழுதார். நீ திரும்பி வந்தபோது இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். உனக்குச் சூடாக்கின முட்டைக் கறியை நான் தீய்த்ததும் அன்றைக்குத்தான்.

ஆகவே அப்பா போகிறார். லீவு கேட்டுவிட்டார். நீயும் போ. நான் தனிய நிற்பேன் என்று யோசிக்காதே. வேலை இருக்கிறது, பிர்கித் இருக்கிறாள், அண்ணனோடு மேலே நின்றே கதைக்கலாம். ஆட்களைக் கிழங்குபோல் வைக்கிற வேலை என்றாயே, அதற்கும் ஒன்று சொல்ல இருந்தேன். உன்னை வைத்தோ இல்லாமலோ அந்த மாற்றெல்லாம் நடக்கத்தான் போகிறது. அந்த மேசையில் முளைவிட்ட கிழங்கின் வயிற்றில் பிறந்த ஒருவன் இருந்தால் நல்லதுதானே? நிறை சரிவர ஒருவரைச் சேர்க்கும்போது, அவர் அதை வேறு யாரிடமாவது கேள்விப்படுவதற்கு முன்னம் நீயே கூப்பிட்டு, உங்களுக்குச் சம்மதமா என்று ஒருமுறை கேள். விதியில் இல்லாவிட்டாலும் கேள். எங்களை ஒருவரும் கேட்கவில்லை. இப்படித்தான் இந்தக் கடிதத்தை முடிக்க இருந்தேன், அழகான புத்திமதி என்று எனக்கே பெருமையாக இருந்தது.

நேற்றுப் பின்னேரம் அப்பாவும் நானும் கடலோரமாக நடக்கப் போனோம். இந்தப் புத்திமதியை அவருக்குச் சொல்லிக் காட்டிவிட்டு, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "அண்டைக்கு உங்களிட்ட ஆரும் சம்மதமோ எண்டு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பியள்?"

அவர் நடந்துகொண்டே சொன்னார். "மாட்டன் எண்டிருப்பன். உம்மைத் தெரியாதே எனக்கு. நல்லகாலம், ஒருத்தரும் கேக்கேல்லை."

இப்போது சொல்லு, நான் உனக்கு என்ன புத்தி சொல்வது? கேட்டிருந்தால் நீயும் இல்லை, இந்தக் கடிதமும் இல்லை. கேட்காமல் விட்டதும் சரியில்லை. எனக்குத் தலை சுற்றுகிறது, உன்னுடைய வரம்பு விதியே இதைவிட லேசு. ஆனாலும் நீ கேள் தம்பி. அந்த விளையாட்டுக்காரர் மாட்டேன் என்றால், அப்பாவின் கதையை அவருக்குச் சொல்லு.

சூட்கேசை இனி இறக்காதே.

அம்மா